பானட்டுக்குக் கீழே கரி

எங்கள் கார் தீப்பிடித்த நேரத்தில் நான் தோவாளையில், வீட்டு அடுக்களையில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் ஆகும் முன்பே வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. என் கணவரின் சிநேகிதர் அதிலிருந்து இறங்கி வந்தார். நாகர்கோவிலில் பஸ் ஷெட்டில் பிட்டர் வேலை அவருக்கு. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, பதறாத. ஆளு நல்லா இருக்கான். கை ரெண்டும் பொள்ளிப் போச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான்" என்றார்.

"காரு?"

இப்படிக் கேட்டதற்காகப் பல வருஷம் பேச்சு வாங்கினேன். என் கணவரின் அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. நான் மைனி என்று கூப்பிடுவேன். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது காரைக் கேட்டவள் என்று ஊரெல்லாம் சொன்னார். ஆள் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டதால்தானே அடுத்ததைக் கேட்டேன்? ஆனாலும் மைனி சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கார் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தது.

யுத்தத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி அது. குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட் முதலாளி வைத்திருந்தது. நாடு விடுதலையான மறுவருஷம் என் கணவர் அதை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் அதைப் பிளஷர் என்பார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, திருவனந்தபுரத்துக்குக் கோர்ட்டு விஷயமாகப் போகிறவர்கள் என்று ஓட்டத்துக்குக் குறைவில்லை.

அன்றும் கல்யாண ஓட்டம்தான். பெண் வீடு திருவட்டாறுப் பக்கம். மாப்பிள்ளை வீடு பூதப்பாண்டி. தாலி கட்டு முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வில்லுக்குறி தாண்டி ஒரு ஏற்றத்தில் பெட்ரோல் வாடை அடித்திருக்கிறது. இன்ஜினை மூடுகிற பானட்டின் இடுக்கு வழியாகப் புகை வந்திருக்கிறது. இவர் காரை ஓரமாக நிறுத்தி, முதலில் பின்கதவைத் திறந்து உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டார். அப்புறம் பானட்டைத் தூக்கினார். காற்று உள்ளே போனதும் தீ குப்பென்று எழும்பியது. பெட்ரோலை அடைக்கிற சின்னத் திருகு இன்ஜினுக்கு ஓரத்தில், தீக்கு நடுவில் இருந்தது. அதை அடைக்காமல் விட்டால் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கும், தீயும் அணையாது. இவர் கையை உள்ளே விட்டுத் திருகினார். சூட்டில் அது அசையவில்லை. வலதுகை தாங்காமல் போனதும் இடதுகையை விட்டார். திருகு அடைந்தது. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து சேற்றை வாரி வீசி மிச்சத் தீயை அணைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கையில் மஞ்சள் மருந்து நனைத்த துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள். துணியை மாற்றும்போதெல்லாம் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சத்தம் போட மாட்டார். நான் சோறு ஊட்டினேன். கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊட்டுவதற்குக் கை அதற்கு முன்னால் பழகியிருக்கவில்லை. முதல் நாள் அவர் வாயில் கரண்டி இடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அவர் அழவும் செய்தார்.

புண் ஆறி வீட்டுக்கு வந்தபோது விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. தினமும் எண்ணெய் தேய்த்து நீவினால் கொஞ்சம் நிமிரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து எங்கள் வீட்டுப் பக்கத்து ஓலைச் சாய்ப்பில் விட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து பானட்டைத் திறந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். கோட்டை அடுப்பின் உள்பக்கம் மாதிரி இருந்தது. வயர்களின் ரப்பர் உருகி ஒழுகி, அதன்மேல் கரி படிந்து, சேறு காய்ந்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்றாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது.

"இன்ஜினு பிழைச்சுப் போச்சு. வயரு, குழாயி, கார்பரேட்டரு எல்லாம் நான் மாத்தித் தருவேன். ஆனா இந்தக் கரிக்கு மேல ஒரு வயரு கூட இழுக்க மாட்டேன். இன்ஜின இறக்கி, உள்ள இருக்குற தகரம் வெறும் தகரமாத் தெரியற வரைக்கும் சுரண்டணும். எங்க வெடிச்சிருக்கு, எங்க ஓட்ட விழுந்திருக்குன்னு அப்பத்தான் தெரியும். அதுக்கு எனக்கு நேரம் கெடையாது. ஞாயித்துக்கிழமதான் எனக்கு லீவு" என்றார்.

என் கணவர் தன் கைகளைப் பார்த்தார்.

"நான் சுரண்டுதேன்" என்றேன்.

"நீயா?" என்றார் அண்ணன்.

"சட்டியில அடிப்பிடிச்சதச் சுரண்டாத பொம்பள உண்டா? இதுவும் அதுதானே?"

இது அது இல்லை என்பது மறுவாரமே தெரிந்துவிட்டது. ஆனால் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று பனந்தடிகளைக் கூம்பாக நிறுத்திக் கட்டி, மேலே ஒரு சங்கிலிக் கப்பியை மாட்டி, அண்ணனும் அவரோடு வந்த இரண்டு பேரும் இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். இரண்டு பழைய டயர்களுக்கு மேல் அதை உட்கார வைத்துச் சாக்கால் மூடினார்கள். ரேடியேட்டரும் பானட்டும் சுவரில் சாய்ந்தன. அவர்கள் போன பிறகு காரைப் பார்த்தேன். முன்பக்கம் வெறும் குழி. அதற்குள் நான் இறங்கி நிற்கலாம் போல இருந்தது. நிற்கவும் செய்தேன். அதற்குப்பிறகு பெரும்பாலான வேலையை அந்தக் குழிக்குள் நின்றுதான் செய்தேன்.

முதலில் பழைய தோசைச் சட்டுவத்தால் பிசுக்கை வழித்தேன். அப்புறம் காரச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, கம்பில் கட்டிய சகிரி நாரால் தொட்டுத் தேய்த்தேன். தேங்காய்ச் சகிரி மாதிரி பிசுக்கை எடுக்கிற பொருள் வேறு இல்லை. காரத் தண்ணீர் பட்டால் தோல் வெந்துபோகும் என்று அண்ணன் எச்சரித்திருந்ததால் கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டேன். உருகிய ரப்பர் அதற்கும் மசியவில்லை. அதை உளியால் பைய எடுக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் தகரம் நெளியும். பெயிண்டு பொரிந்துபோன இடத்தில் கம்பிப் பிரஷ், அதற்குமேல் உப்புத்தாள். ஒரு சாண் தகரம் வெளுக்க ஒரு காலைப் பொழுது ஆகிவிடும்.

இவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "அங்ஙன இல்ல, இங்ஙன." "உளியச் சாய்ச்சுப் பிடி." "மேலேருந்து கீழ வா, ஏட்டி, எத்தன தடவ சொல்லுதேன்?" முதல் சில நாள் பொறுத்தேன். அவருக்குச் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை, பாவம் என்று நினைத்தேன். ஒரு நாள் அவர், "நீ செய்யுத செய்க்கு நான் காலால செய்வேன்" என்றார்.

நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன். "இஞ்ச பாருங்க. இது உங்க கை இல்ல. என் கை. நீங்க நெனைக்குத மாதிரி இது போகாது. எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் போகும்."

அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். ஊட்ட ஆள் வேண்டும் என்கிறபோது கோபித்துக்கொண்டு பட்டினி கிடப்பதில்கூட ஒரு மதிப்பு இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானே வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். மறுநாளிலிருந்து அவர் சொல்வது குறைந்தது. நான் கேட்டால் சொல்வார். அவர் கை எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை ஒவ்வொரு திருகைத் தொடும்போதும் நானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். ஒரு திருகைக் கழற்ற எந்தப் பக்கம் நின்றால் தோள்பட்டை வலிக்காது என்பதை அவர் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. வலித்த பிறகுதான் விளங்கியது.

இந்த வேலைக்கு நடுவில் ஒரு நாள் மைனி வந்தார். சாய்ப்பின் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத இரும்புக்காரனுக்குப் போட்டா என்ன? ராசி கெட்ட வண்டி" என்றார்.

"வண்டிக்கு என்ன ராசி?" என்றேன்.

"வண்டி என்ன செய்யும், பாவம். ஏறின ஆளுதான். பூதப்பாண்டியில அந்தப் பிள்ளைய எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. கால் வச்ச அண்ணைக்கே காரு எரிஞ்சுது, இனி என்னதெல்லாம் எரியுமோன்னு மாமியாக்காரி வாய்விட்டே சொல்லுதாளாம். அந்த வீட்டுல இப்ப ஒரு பசு செத்துப்போச்சாம், அதுக்கும் இவதான் காரணமாம்."

அந்தப் பெண்ணை நான் பார்த்தது கிடையாது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் செத்துக் கிடந்தது.

அதிலிருந்து கொஞ்ச நாள் கழித்து, டிரைவர் உட்காருகிற இடத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள தகரச் சுவருக்கு வந்தேன். அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எந்தக் காலத்திலோ ஏதோ குழாய் போயிருந்த வழி. யாரோ பழந்துணியை உருட்டி அதை அடைத்திருந்தார்கள். துணி முன்பக்கம் சாம்பலாகி, பின்பக்கம் துணியாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் எரிந்திருந்தால் தீ அந்த வழியாக உள்ளே, ஆட்கள் இருந்த பக்கம் போயிருக்கும். குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன்.

அந்தச் சுவரின் ஓரமாகத்தான் பெட்ரோல் குழாய் வளைந்து போகிறது. செம்புக் குழாய். அதில் ஒரு இடம் மட்டும் தடித்து, கறுத்து, முடிச்சு மாதிரி இருந்தது. மேலே நூல் சுற்றிய தடம். குழாய்க்குள் காரம் போகக் கூடாது என்பதால் வெறும் சுடுதண்ணீரை ஊற்றிச் சகிரியால் தேய்த்தேன்.

நுரை வந்தது.

நான் சோப்புப் போடவில்லை. மறுபடியும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். கரியோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் நுரை பொங்கியது. முகர்ந்து பார்த்தேன். கருகின வாடைக்குள்ளே நான் துணி துவைக்கிற பார் சோப்பின் வாடை இருந்தது. கல்யாண ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் சோப்பில் ஒரு துண்டு குறைந்திருந்ததும், எலி என்று நான் நினைத்துக்கொண்டதும் அப்போது ஞாபகம் வந்தது.

அவர் முக்காலியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குழாயில ஊசி நுழையுத அளவுக்கு ஒரு வெடிப்பு" என்றார். "சோப்ப வச்சு அடச்சு நூலு சுத்தினா நிக்கும். எல்லா டிரைவரும் செய்யுததுதான். கல்யாண ஓட்டம் முடியட்டும், அப்புறம் குழாய மாத்திரலாம்னு விட்டுட்டேன்."

"ஒரு வாரமா?"

"ஒரு வாரமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போகாதீங்கன்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன்தான். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அந்தச் சுருண்ட விரல்களைப் பார்த்தால் ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சகிரியை வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கொஞ்சம் தள்ளி நின்று, "அந்தப் பிள்ள என்ன பேச்சுக் கேக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும்."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டு நாள் அவர் சாய்ப்புப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், "சட்டைய மாட்டி விடு. பூதப்பாண்டி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

பஸ்ஸில் போனோம். மாப்பிள்ளை வீடு வயல் உள்ள வீடு. மாமனார் வாசலுக்கு வந்து இவர் கையைப் பார்த்ததும், "உள்ள வாரும், உள்ள வாரும்" என்று அழைத்து உட்கார வைத்தார். எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றின மனுஷன் என்று வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பேச்சு முடியும்வரை இவர் தலை குனிந்து இருந்தார்.

"நான் வந்தது வேற விஷயம்" என்றார். "காரு எரிஞ்சது எம்மேல உள்ள தப்பு. பெட்ரோல் குழாயில ஒரு வாரமா கசிவு இருந்து. எனக்குத் தெரியும். சோப்பு வச்சு அடச்சு ஓட்டினேன். ஏத்தத்துல சோப்பு உருகிட்டு. உங்க மருமக ஏறினதுனால ஒண்ணும் எரியல. அந்தப் பேச்சு எங் காதுலயும் விழுந்து. அதான் வந்தேன்."

மாப்பிள்ளை தூணோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் சிவந்தது. இவர்மேல் கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்புறம் மாமியார் உள்ளிருந்தபடியே கேட்டார்.

"ஒரு வாரமா கசிவு இருந்துன்னு சொல்லுதீரு. அந்த ஒரு வாரமும் எரியாம, இவ ஏறின அண்ணைக்கு எரிவானேன்?"

குற்றத்தைச் சொல்ல மனசைத் தயார் செய்துகொண்டு வந்தவருக்கு வாதாடத் தெம்பு இல்லை. நான்தான் சொன்னேன்.

"அம்மா, அந்த வண்டிய நான் கையால சுரண்டிட்டு இருக்கேன். சோப்பு எங்க இருந்து, எப்படி உருகிச்சுன்னு நான் பாத்தேன். அந்த வாரம் முழுக்க வண்டி பக்கத்து ஓட்டந்தான் போச்சு, பாரம் ஏத்தல. கல்யாணத்தண்ணைக்கு நெறைய ஆளு, பெட்டி, நல்ல வெயிலு, ஏத்தம். அண்ணைக்கு நானே ஏறியிருந்தாலும் எரிஞ்சிருக்கும்."

மாமியார் அடுக்களைப் பக்கம் போய்விட்டார். ஒத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மாமனார் இவரை நன்றாகத் திட்டினார். எங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சோப்பு அடைத்த வண்டியை ஓட்டினாயா என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்? இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

புறப்படும்போது நான் கால் கழுவப் பின்பக்கம் போனேன். அந்தப் பெண் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். சின்னப் பெண். கழுத்தில் தாலிச் சரடின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, இஞ்ச வீட்டுக்குள்ள சொன்னாக் காணாது. கல்யாணத்துக்கு வந்த ஆளுவ இருக்கச்சில இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."

நன்றி என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குத் தேவையானதைக் கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போது இவரிடம் சொன்னேன். "சொல்லணும்" என்றார். அவர்கள் குடும்பத்தில் அடுத்து ஒரு காதுகுத்து வந்தது. கூப்பிடாமலே போனார். பந்தலில் இருந்த எல்லாரும் கேட்க, சோப்புக் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார். அதற்குப்பிறகு அந்த வீட்டில் பேச்சு அடங்கியதா என்றால், முழுக்க அடங்கவில்லை. ஆனால் யாராவது எடுத்தால், "மோட்டார்க்காரனே வந்து சொல்லிட்டானே" என்று மாமனார் வாயை அடைத்துவிடுவாராம். மைனி வழியாகத்தான் இதுவும் தெரிந்தது. மைனிக்கு இவர்மேல் வருத்தம். "தானா வாயக் குடுத்து எவனாவது பொழப்பக் கெடுப்பானா?" என்று கேட்டார். கெட்டதும் உண்மைதான். கல்யாணத்துக்கு எங்கள் காரைக் கூப்பிட அப்புறம் யாரும் வரவில்லை.

சாய்ப்பில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அண்ணன் வந்து அந்தச் சுவர் ஓட்டைக்குத் தகரம் வெட்டிப் பற்றவைத்தார். வெடிப்பு விட்ட குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். எல்லாம் வெறும் தகரமாக வெளுத்ததும், மண்ணெண்ணெயால் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, துரு ஏறும் முன்பே சிவப்புக் காவிப் பெயிண்டை ஒரு கை அடித்தேன். பெட்ரோலைக் கொண்டு துடைத்தால் சீக்கிரம் காயும் என்று அண்ணன் சொன்னார். என் கணவர் சாய்ப்புக்குள் ஒரு சொட்டுப் பெட்ரோலைக் கொண்டுவர விடவில்லை.

மேல் பெயிண்டுக்கு என்ன நிறம் என்பதில் தகராறு வந்தது. பழையபடி கறுப்புதான் அடிக்க வேண்டும் என்றார் இவர். இன்ஜின் இருக்கிற இடம் எப்போதும் கறுப்புதானாம்.

"கறுப்புல ஒழுகினா எப்படித் தெரியும்?" என்றேன். "வெள்ளையா அடிச்சா ஒரு சொட்டு எண்ண விழுந்தாலும் கண்ணுல படும்."

"வெள்ளைய எவன் தொடச்சுட்டே இருப்பான்?"

"நான் தொடைப்பேன்."

அண்ணன் நடுவில் வந்து, வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஒரு டின்னைக் கொண்டுவந்து இரண்டு பேரையும் ஒப்ப வைத்தார்.

ஆனால் அது ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் அந்த மாதத்தில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஒரு நாளில் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் அடித்தேன். பெயிண்டு காயும் முன்பே காற்று மணலை வாரிக்கொண்டு வந்து ஒட்டியது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். இந்தத் தடவை சாய்ப்பைச் சுற்றி ஓலைக் கிடுகு கட்டி, அதன்மேல் நனைத்த பழைய புடவைகளைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்தேன். இவர் முக்காலியைக் கொண்டுவந்து காற்று வருகிற பக்கம் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு காற்றை மறைக்க முடியும்? ஆனாலும் பெயிண்டு இறுகும்வரை அவர் அங்கிருந்து எழும்பவில்லை. இந்தத் தடவை வழவழவென்று வந்தது.

இன்ஜினை உள்ளே இறக்கி, புது வயர் இழுத்து, எல்லாம் பூட்டி முடித்தபோது ஆடி பிறந்துவிட்டது. முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்றித்தான் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும். இவர் கைப்பிடியைப் பற்ற முயன்றார். விரல்கள் மடங்கும், ஆனால் இறுகாது. என்னிடம் விட்டுவிட்டு விலகினார்.

"கட்ட விரல மத்த விரலோட சேத்து வச்சுக்க. சுத்திப் பிடிக்காத. எதுத்து அடிச்சா கை முறிஞ்சு போகும்" என்றார்.

அவர் சொன்னபடியே பிடித்தேன். அந்த நேரத்தில் என் கைதான் என்று சண்டை போடத் தோன்றவில்லை. இரண்டு தடவை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பானட் இன்னும் மாட்டவில்லை. அந்த வெளிர்ச் சாம்பல் குழிக்குள் இன்ஜின் அதிர்வதை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டு ஈரம்கூட எங்கும் இல்லை. இவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

ஸ்டியரிங்கை உள்ளங்கையால் உருட்டினார். கியரை மணிக்கட்டால் தள்ளினார். ஹேண்ட் பிரேக்கை மட்டும் அவரால் அமுக்கிப் பிடிக்க முடியவில்லை. அது இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்ததால், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதை இழுத்தேன், விட்டேன். அப்படியே நாகர்கோவில் வரைக்கும் போய்விட்டு வந்தோம். முன்சீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்து வண்டிக்குப் பிரேக் போடுவதைப் பார்த்து, தோவாளைச் சந்தையில் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

ஆட்களை ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் பூவுக்கு எப்போதும் வண்டி வேண்டும். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பூக்கூடைகளை ஏற்றினோம். விடிந்ததும் நான் கைப்பிடியைச் சுற்றுவேன். திருவனந்தபுரம் வரைக்கும் பிச்சியும் அரளியும் போகும். பல மாதம் அந்த ஓட்டத்தில் நானும் கூடப் போனேன். அவர் விரல்கள் கொஞ்சம் நிமிர்ந்து, பிரேக்கை அவரே பிடிக்கத் தொடங்கிய பிறகு நான் வீட்டில் நின்றுவிட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும், களியக்காவிளையிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி வீடு தேடி வந்தார். தன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கார் வேண்டும் என்றார். நான் காப்பி போட உள்ளே போனேன். அவர் நாள் சொல்லி முடிப்பதற்குள் இவர், "முதல்ல ஒரு காரியம் சொல்லணும். இந்த வண்டி ஒரு தடவ கல்யாண ஓட்டத்துல எரிஞ்சுது. தப்பு என்னுது" என்று தொடங்கிவிட்டார்.

எனக்கு அடுக்களையில் பாத்திரத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. தேடி வந்த ஓட்டம். கேட்காத ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? வியாபாரி முழுக் கதையையும் கேட்டார். பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். ஒரு விரலால் தகரத்தைத் தொட்டு விரலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். வரமாட்டார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் ஆள் அனுப்பி, காலையில் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பின்சீட்டை மறுபடி மாட்டினோம்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் இவர் அந்தக் கதையைச் சொல்லித்தான் ஓட்டம் பேசுவார். கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு, ஏறினவர்களும் உண்டு. நான் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். "அந்தப் பிள்ளைக்காக ரெண்டு தடவ சொன்னீங்க, சரி. இவங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"ஏறுதவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா" என்பார். அவ்வளவுதான் அவர் பதில். சண்டை அதோடு நிற்கும். நான் துணியை எடுத்துக்கொண்டு போய், பானட்டைத் திறந்து துடைக்கத் தொடங்குவேன்.